புளியமரத்தடியில் ஒரு மேடை: வசனம் இல்லாத கட்டபொம்மன்

போடிநாயக்கனூரில் பள்ளி ஆண்டுவிழா என்றால் மேடையில் ஒரு கட்டபொம்மன் கட்டாயம் உண்டு. மைப்பென்சிலில் வரைந்த மீசை, ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டைக் கத்தி, அம்மாவின் பட்டுத்துணியில் தைத்த தலைப்பாகை. அஞ்சு வயசுப் பயல் இடுப்பில் கையை வைத்து நெஞ்சை நிமிர்த்தினால் போதும், கீழே உட்கார்ந்திருக்கும் கூட்டம் அவனுக்கு முன்னாடியே வசனத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்விட்டு போடிமெட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் ஜீப்பில் இறங்கி, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கும் அது மனப்பாடம். உங்களுக்கும்தான்.

அந்த வசனத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவர் பேசியதற்கு எந்த ஆவணமும் இல்லை. அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, நாடகத்துக்காகவும் சினிமாவுக்காகவும் சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுதியது அது. நல்ல எழுத்து, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குரல் அவ்வளவு சத்தமாக இருப்பதால், அதற்குப் பின்னால் நிற்கும் மனுஷன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னிக்கு ஒரு தடவை வசனத்தை ஓரமா வெச்சுட்டு, அந்த மனுஷனை மட்டும் பார்ப்போமா?

எழுபத்திரண்டில் ஒன்று

முதலில் பாளையக்காரர் என்றால் யார்னு தெரிஞ்சுக்கணும். மதுரை நாயக்கர் ஆட்சியில், விசுவநாத நாயக்கர் காலத்தில், தெற்குச் சீமையை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு தலைவர். வரி வசூலிப்பது, ஊர்க்காவல், வழக்கு தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மேலே இருப்பவருக்குக் கப்பம் கட்ட வேண்டும், போர் என்றால் ஆள் அனுப்ப வேண்டும். போடிநாயக்கனூரும் அப்படி ஒரு பாளையம்தான். மலையடிவாரத்தில், கேரளத்துப் பாதைகளின் வாசலில் உட்கார்ந்திருந்த பாளையம். இன்றைக்கும் போடி ஜமீன் அரண்மனைச் சுவர்களில் இராமாயண ஓவியங்களைப் பார்க்கலாம்.

இங்கிருந்து தென்கிழக்கே, கரிசல்காட்டைத் தாண்டி, தூத்துக்குடிக்குப் போகிற வழியில் இருந்தது பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம். அங்கே 1760-ம் ஆண்டு ஜனவரி 3-ம் தேதி ஜெகவீர கட்டபொம்மனுக்கும் ஆறுமுகத்தம்மாளுக்கும் பிறந்தவர் வீரபாண்டியன். ராஜகம்பளத்து நாயக்கர் குடும்பம், குலதெய்வம் ஜக்கம்மா. போடி, தேனிப் பக்கத்துக் கம்பளத்தார் ஊர்களில் தேவராட்டம் பார்த்திருப்பீர்களே, உறுமிச் சத்தத்துக்குக் கால் மாற்றி ஆடுவார்களே, அதே மரபு. குலதெய்வம் ஜக்கம்மா என்றாலும், அவர் மனசார வணங்கிய சாமி திருச்செந்தூர் முருகன்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கதை உண்டு. வேட்டைக்குப் போன இடத்தில், துரத்தி வந்த நாய்களை ஒரு முயல் திரும்பி நின்று விரட்டியதாம். அந்த மண்ணுக்கே வீரம் உண்டு என்று அங்கே கோட்டை கட்டினார்களாம். இதே கதையை வேறு பல ஊர்களுக்கும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கோட்டை நிஜமானது. கல் கிடையாது, வெறும் மண். சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம். நம்ம ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் ஒன்றிரண்டைச் சேர்த்தால் அவ்வளவுதான். அதை நினைவில் வெச்சுக்கங்க.

1790 பிப்ரவரியில், 30 வயதில், அவர் பட்டத்துக்கு வந்தார். மனைவி ஜக்கம்மாள். கூடவே தம்பிகள். அதில் ஒருவருக்குப் பேச்சு சரியாக வராது. ஊர் அவரை ஊமைத்துரை என்றே அழைத்தது. இந்தத் தம்பியையும் மறந்துடாதீங்க.

கலெக்டரைத் தேடி ஒரு நடை

அவர் பட்டத்துக்கு வந்த இரண்டே வருஷத்தில் காலடி மண் மாறியது. ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வாங்கிய கடன் தலைக்குமேல் போய், 1792-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனி கைக்குப் போனது. அதே வருஷம் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமையும் கம்பெனிக்குப் போனது. போடி மாதிரியான மேற்குப் பாளையங்களுக்கும் புது எஜமான் வந்தாச்சு.

கட்டபொம்மன் கப்பமே கட்டவில்லை என்றுதான் நமக்கு மேடை சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆவணம் சொல்வது வேறு. அவர் கட்டினார், பாக்கி வைத்தார், மறுபடி கட்டினார். மழை பொய்த்த வருஷத்தில் கரிசல் விவசாயியிடம் என்ன வசூலாகும்? 1798-ல் அவர் பெயரில் நின்ற பாக்கி 3,310 பகோடா. கலெக்டர் ஜாக்சன், இராமநாதபுரத்தில் தன்னை வந்து பார்க்கும்படி உத்தரவு போட்டார்.

கட்டபொம்மன் கிளம்பினார். ஆனால் கலெக்டர் சுற்றுப்பயணத்தில் இருந்தார். குற்றாலத்துக்குப் போனால் பார்க்க முடியாது என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதே பதில். ஒரு பாளையத்தின் தலைவர், தன் ஆட்களோடு, ஒரு அதிகாரி போகும் இடமெல்லாம் பின்னாலேயே போய் வாசலில் நின்றார். 23 நாள், ஏறக்குறைய 400 மைல் என்று கணக்குச் சொல்கிறார்கள். தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்துக்காக நாள்கணக்கில் நடந்தவர்களுக்கு இந்த வலி தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்க்கிற ஊரெல்லாம் வேறு பாளையம். அங்கெல்லாம் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. கணக்கைப் பார்த்தால் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. மிச்சம் 1,080 பகோடாதான். ஆனாலும் அவரையும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே பேசினார் ஜாக்சன். பிறகு கைது செய்யும் முயற்சி. வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் என்ற அதிகாரி அங்கேயே உயிரிழந்தார். வெளியே காத்திருந்த ஊமைத்துரையும் ஆட்களும் அண்ணனை மீட்டுக்கொண்டு போனார்கள். பிள்ளை மட்டும் மாட்டிக்கொண்டார்.

முடிந்திருக்க வேண்டிய கதை

இதற்கு அப்புறம் நடந்ததை எந்த மேடையும் காட்டுவதில்லை. கட்டபொம்மன் சென்னைக்கு முறையீடு அனுப்பினார். கவர்னர் எட்வர்ட் கிளைவ், மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவைப் போட்டார். குழு விசாரித்தது. ஜாக்சன் நடந்துகொண்ட விதம் தவறு என்று முடிவானது. பிள்ளை விடுதலையானார், ஜாக்சனின் பதவி போனது. லூஷிங்டன் புதிய கலெக்டராக வந்தார்.

யோசிச்சுப் பாருங்க. கம்பெனிக்குள்ளேயே ஒரு நியாயம் கிடைத்த இடம் இது. இதோடு கதை முடிந்திருக்கலாம். ஏன் முடியவில்லை?

ஒரு காரணம், பாளையக்காரர்கள் ஒன்று சேர ஆரம்பித்தது. சிவகங்கையின் மருது சகோதரர்கள் ஒரு கூட்டணி கட்டிக்கொண்டிருந்தார்கள். திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சி கோபால நாயக்கர் இருந்தார். கட்டபொம்மனின் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. எல்லாரும் வந்துவிடவில்லை. சிவகிரி வரவில்லை. எட்டயபுரம் கம்பெனியோடு நின்றது. கட்டபொம்மனின் ஆட்கள் பக்கத்துப் பாளையங்களில் புகுந்து கொள்ளையடித்தார்கள் என்ற புகாரும் பதிவாகியிருக்கிறது. அவரைக் கொள்ளைக்காரர் என்று எழுதியவர்களும் உண்டு, முதல் விடுதலை வீரர் என்று எழுதியவர்களும் உண்டு. எல்லைத் தகராறும் தன்மானமும் பழைய பகையும் கலந்து கிடந்த காலம் அது. வெள்ளைத்துணி மாதிரி ஒரு நாயகனை அதிலிருந்து உருவி எடுப்பது கஷ்டம்.

இன்னொரு காரணம் ரொம்ப எளிது. 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கம்பெனியின் படை இப்போது சும்மா இருந்தது.

மேஜர் பானர்மேன் தெற்கே வந்தார். செப்டம்பர் 5-ம் தேதி அந்த மண்கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோற்றது. கம்பெனி அதிகாரிகள் செத்து விழுந்தார்கள். ஆனால் பெரிய பீரங்கிகள் வந்துகொண்டிருந்தன. மண்சுவர் எத்தனை நாள் தாங்கும்? கட்டபொம்மன் கோட்டையைவிட்டு வெளியேறினார். கோலார்பட்டியில் ஒரு மோதல். சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார், நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையின் திருக்களம்பூர்க் காட்டுக்குப் போனார். அங்கே புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்து கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள்.

அவர்களே போட்ட மேடை

1799 அக்டோபர் 16, கயத்தாறு.

பானர்மேன் நினைத்திருந்தால் காட்டிலேயே கதையை முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை எல்லாம் கயத்தாறுக்கு வரச்சொன்னார். அவர்களை உட்கார வைத்து, நடுவில் கட்டபொம்மனை நிறுத்தி, விசாரணை என்று ஒன்றை நடத்தினார். கப்பம் ஒழுங்காகக் கட்டவில்லை, கூப்பிட்டபோது வரவில்லை, படையை எதிர்த்தார் என்பவைதான் குற்றச்சாட்டுகள். தீர்ப்பு முன்னாடியே முடிவானது. அன்றே புளியமரத்தில் தூக்கு.

இது ஒரு தண்டனை மட்டும் இல்லை, ஒரு காட்சி. மேடை உண்டு, கூட்டம் உண்டு, பாடமும் உண்டு. பார்த்துட்டுப் போய் உங்க ஊர்ல சொல்லுங்க என்பதுதான் ஏற்பாடு.

அன்று அந்த மரத்தடியில் நடந்ததை நமக்குச் சொல்வது யார் தெரியுமா? தூக்கிலிட்ட பானர்மேனேதான். மறுநாள் மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. விசாரணை முழுக்க அந்த மனுஷன் அஞ்சவில்லை. எட்டயபுரம், சிவகிரிக்காரர்களை அலட்சியமும் கோபமுமாக அவ்வப்போது பார்த்தார். மரத்தை நோக்கி நடக்கும்போது நடை தளரவில்லை, வலமும் இடமும் நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு பார்த்துக்கொண்டே போனார். எதிரி எழுதிய குறிப்பு இது. இதைவிட நல்ல நடிப்புக் குறிப்பை எந்த நாடக ஆசிரியராலும் எழுத முடியாது.

அந்தக் கடிதத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. போகும் வழியில் அவர் கவலைப்பட்டது ஒருவரைப் பற்றித்தான். பேச்சு வராத அந்தத் தம்பியைப் பற்றி. மரத்தடியில் நின்றபோது, கோட்டையைவிட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று வருந்தினார். அவ்வளவுதான். முழக்கம் இல்லை, சாபம் இல்லை. தம்பியைப் பற்றிய கவலையும், தான் எடுத்த ஒரு முடிவைப் பற்றிய வருத்தமும். அப்போது அவருக்கு வயது 39.

மண்ணைக் கிளறிய பின்னும்

அண்ணன் கவலைப்பட்ட அந்தத் தம்பி என்ன ஆனார்? பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்து வைத்திருந்தார்கள். 1801 பிப்ரவரியில், விறகு விற்பவர்கள் போல ஆயுதங்களை மறைத்துக்கொண்டு வந்த ஆட்களின் உதவியோடு தப்பினார். இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆறே நாளில் மறுபடி எழுப்பிவிட்டார்கள் என்கிறார்கள். துரத்தி வந்த கம்பெனிப் படை, எழும்பி நின்ற சுவரைப் பார்த்துத் திகைத்தது. அந்த மண்சுவர் மே 24 வரை தாங்கியது. நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். அதற்குள் மருது சகோதரர்களும் கோபால நாயக்கரும் போய்விட்டார்கள்.

டிசம்பர் 1-ம் தேதி கவர்னரின் அறிவிப்பு வந்தது. பாளையக்காரர் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். பாளையங்கள் ஜமீன்களாயின. கத்தி வைத்திருந்தவர்கள் கணக்குப்பிள்ளை வைத்துக்கொண்டார்கள். போடியும் அப்படித்தான் ஜமீனானது.

பேச்சிலும் காகிதத்திலும் இருந்து பெயரை அழித்துவிட்டால் மனுஷன் முழுசா போயிடுவான் என்று ஆட்சிகள் நம்புகின்றன. ஜப்பானிலும் இதே கணக்குத்தான். அங்கே சாமுராய்களின் ஆட்சி நடந்தபோது, சமீபகாலத்து வீரர்களின் பெயரைச் சொல்லி நாடகம் போடவோ படம் அச்சிடவோ தடை இருந்தது. 1703-ல் தலைவனை இழந்த 47 சாமுராய்கள் பழிவாங்கிய சம்பவம் நடந்தது. அதை மேடையேற்றியவர்கள் கதையை 14-ம் நூற்றாண்டுக்குத் தள்ளி, பெயர்களை மாற்றி, 1748-ல் சூஷிங்குரா என்ற பொம்மலாட்டமாகப் போட்டார்கள். சீக்கிரமே அது கபுகி மேடைக்குப் போனது. 1804-ல் உதமாரோ என்ற பெரிய ஓவியர், பழைய தளபதி ஹிதேயோஷியைப் பெயர் போட்டு அச்சிட்டதற்காகக் கைவிலங்கோடு வீட்டில் கிடந்தார். ஆனாலும் நிற்கவில்லை. மரப்பலகையில் கோடு செதுக்கி, வண்ணத்துக்கு ஒரு பலகை என்று ஒற்றி எடுக்கும் அந்தப் படங்களில், 1847 வாக்கில் குனியோஷி அந்த 47 பேரையும் ஒவ்வொருவராக வரைந்தார், பெயரில் ஓர் எழுத்தை அங்கே இங்கே மாற்றி. வாங்கியவர்களுக்கு யாரென்று தெரியாதா என்ன?

நம்ம ஊரில் அந்த வேலையைக் கதைப்பாடல் செய்தது. கட்டபொம்முவின் கதையை ஊர் ஊராகப் பாடினார்கள். பிற்பாடு நா.வானமாமலை அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். ம.பொ.சி. அவரது வாழ்க்கையை நூலாக எழுதினார். 1957-ல் சிவாஜி கணேசன் தன் நாடக மன்றத்தின் மூலம் மேடையேற்றினார். 1959-ல் பி.ஆர்.பந்துலு படமாக்கினார். மறு வருஷம் கெய்ரோ பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதோடு கட்டபொம்மனுக்கு ஒரே முகம், ஒரே மீசை, ஒரே குரல் என்றாகிவிட்டது. ஜப்பானில் வீரன் என்றால் கபுகி நடிகரின் விறைத்த கண்ணும் வளைந்த வாயும் நினைவுக்கு வரும். நமக்கு சிவாஜியின் புருவம். காலண்டர், போஸ்டர், ஆட்டோவின் பின்கண்ணாடி, எங்கே பார்த்தாலும் அந்தப் புருவம்தான்.

மேடைக்கு ஒரு வில்லனும் வேணும் இல்லையா? எட்டயபுரத்துப் பட்டப்பெயரான எட்டப்பன் என்பது துரோகத்துக்கே பெயராகிப்போனது. பிடித்துக் கொடுத்தவர்கள் புதுக்கோட்டைக்காரர்கள். கம்பெனி பக்கம் நின்ற பாளையங்களும் ஒன்றிரண்டு இல்லை. பாரதி பிறந்ததும் அதே எட்டயபுரத்தில்தான். ஒருத்தர் தலையில் மொத்தப் பழியையும் ஏற்றிவிட்டால் மற்றவர்களுக்குச் சௌகரியம்.

அடுத்த தடவை பார்க்கும்போது

போடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறீர்கள் என்றால், கோவில்பட்டியைத் தாண்டியதும் கயத்தாறு வரும். சாலையோரத்தில் ஒரு சிலை நிற்கும். அந்த இடத்தைத் தன் செலவில் வாங்கி, சிலையையும் வைத்தவர் சிவாஜி கணேசன். வேஷம் போட்டவர், வேஷத்துக்குச் சொந்தக்காரருக்குச் செலுத்திய கடன் அது. ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்திப் பாருங்க.

கம்பெனி அந்த மரத்தடியில் ஒரு காட்சியை நடத்தியது, பார்த்தவர்கள் பயப்பட வேண்டும் என்று. இருநூறு வருஷமாக நாம் அதே காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறோம், பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று. அவர்கள் போட்ட மேடையை நாம் பிடுங்கிக்கொண்டோம். அதுதான் நாடகத்தின் வெற்றி.

ஆனால் அடுத்த ஆண்டுவிழாவில் அந்தச் சின்னப்பயல் கத்தியைத் தூக்கும்போது, மேடையில் இல்லாத ஆட்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கயத்தாறில் சுற்றி உட்கார்ந்திருந்த பாளையக்காரர்கள். அவர்களுக்கும் கோட்டை இருந்தது, ஆள் இருந்தது, பிள்ளைகுட்டி இருந்தது. அவர் நடந்துபோனபோது பார்த்த பார்வை அவர்கள் மேல்தான் விழுந்தது. தூக்குக்கயிற்றைவிட அவரை உறுத்தியது, சும்மா பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டமாகக்கூட இருந்திருக்கலாம்.

கட்டபொம்மன் வேஷம் போட நம்ம வீட்டில் எப்பவும் ஆள் உண்டு. அன்றைக்கு நாம் எந்த வரிசையில் உட்கார்ந்திருப்போம் என்பதுதான் கேள்வி. வீட்டுக்குத் திரும்பி, பயலுக்கு மீசையை அழித்துவிடும்போது, அவனுக்கு அந்த ஊமைத்தம்பியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க. வசனமே பேசாத ஒருத்தர், இடிந்த கோட்டையை ஆறு நாளில் எழுப்பிய கதை.